டேப் சாருக்குப் போட்டி டேப் சார்தான்

இயற்பியல் துறையில் அவருக்கு ‘டேப் சார்’ என்று பெயர். எந்த வருஷத்துப் பிள்ளைகள் வைத்ததோ தெரியாது. டேப் ரெக்கார்டரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்கூட இன்றைக்கு அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பட்டனை அழுத்தினால் ஓடும், மணியடித்தால் நிற்கும், நடுவில் ஒரு சொல் பிசகாது. இருபத்திரண்டு வருஷமாக முதலாண்டு வகுப்பு அவருடையது. நாலு கை மாறி வந்த பழைய நோட்டு ஒன்றை ஒருநாள் கடைசி பெஞ்சில் கண்டெடுத்தார். இரண்டாம் விதிக்குப் பக்கத்தில், ஓரமாக, ‘இங்கே சார் மாமனார் ஜோக் சொல்வார்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ‘சொன்னார்’. அதற்கும் கீழே இன்னொரு ஆள் போட்ட டிக்.

வேறு யாராவது இருந்தால் முகம் சுண்டிப் போயிருக்கும். இவரோ பூரித்துப் போய்விட்டார். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டி, “பாத்தியா, ஒரு வார்த்தை மாறல!” என்றார். அவள் நோட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், குளிக்கப் போனாள்.

அந்தப் பூரிப்புக்கு ஆப்பு வைத்தவள் துறைத்தலைவி. ஒரு காலத்தில் இவருடைய வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தான். இப்போது அவள் நாற்காலியில், இவர் எதிரில். பிறர் இருந்தால் ‘மேடம்’ என்பார். இருவர் மட்டும் என்றால் ‘என்னம்மா’ வந்துவிடும்.

“சார், உங்க வகுப்பு மாதிரி தெளிவா யாராலயும் நடத்த முடியாது. அதனால அதை அப்படியே படம் பிடிச்சு வச்சுக்கலாம்னு பாக்கறேன்.”

“தாராளமா!” என்று சிரித்தார் டேப் சார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, இரண்டு வாரம் கேமரா முன்னால் நின்று, மாமனார் ஜோக் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தும் விட்டார். முடிந்த பிறகுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். படம் இருக்கும்போது ஆள் எதற்கு? அடுத்த பருவத்திலிருந்து முதலாண்டுப் பிள்ளைகள் பெரிய திரையில் படம் பார்ப்பார்கள். சார் தேர்வுப் பிரிவுக்குப் போய் வினாத்தாள் கட்டுகளை மேற்பார்வை பார்க்கலாம். வேலையும் குறைச்சல், உட்கார்ந்தே செய்யலாம்.

மனுஷன் எழுந்தே விட்டார். கொடுத்த பாராட்டையே திருப்பிப் போட்டு அடிக்கிறாளே!

“நேர்ல நடத்தறதும் படமும் ஒண்ணாம்மா?”

“ஒண்ணா இல்லையான்னு பாத்துரலாம் சார். இந்தப் பருவம் நூத்துப் பதினாறு பேர். பாதிப் பேர் உங்க வகுப்பு, பாதிப் பேர் படம். நடுவுல ஒரு தேர்வு, முடிவுல ஒரு தேர்வு. நீங்க தேவைன்னு தெரிஞ்சா வகுப்பு உங்களுக்கே.”

நியாயமாகத்தான் பட்டது. அவர் உயிரைக் கொடுத்து நடத்தினார். முதல் தேர்வு வந்தது. படம் பார்த்தவர்களின் சராசரி நாற்பத்தொன்று. இவருடைய பிள்ளைகளின் சராசரி நாற்பது.

கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார். தன்னிடமே தோற்பது என்றால் என்ன கணக்கு இது? வென்றவனும் நான்தானே? சந்தோஷப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா என்றுகூடத் தெரியாமல் மறுநாள் படம் ஓடும் அரங்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் ஒளிந்தாற்போல உட்கார்ந்தார்.

திரையில் அவர் பெரிதாக இருந்தார். குரல் கணீரென்று இருந்தது. ‘நல்லாத்தான் நடத்தறான்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது திரையில் இருந்தவர் கரும்பலகையிலிருந்து திரும்பி, “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே “நல்லது” என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். அரங்கத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க அவர் இடம் கொடுத்தால்தானே! கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “புரிஞ்சுதா? நல்லது.” பின்வரிசையில் இருந்தவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை கேட்டிருந்தார். ஒரு முறைகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பத் திரையில் இருந்தவரால் முடியவில்லை, சரி. ஆனால் என் வகுப்பில் தூங்கினவனை மட்டும் நான் எழுப்பினேனா என்று யோசித்தார். எழுப்பியதாக நினைவே இல்லை.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவள். பதினைந்து வருஷமாகக் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வாங்காத திட்டில்லை, இடிக்காத சுவரில்லை. அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இவர் பிடித்துக்கொண்டார்.

“நீ எப்படிச் சொல்லிக் குடுக்கற?”

“ஐயோ, முதல்ல செருப்பைக் கழட்ட விடுங்க! நான் எங்க சொல்லிக் குடுக்கறேன்? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“இல்ல, நிஜமாவே கேக்கறேன். கிளட்ச்னா என்ன, கியர்னா என்னன்னு விளக்குவியா மாட்டியா?”

“விளக்கி என்ன ஆகப் போகுது? தலையாட்டுவாங்க. வண்டிய எடுன்னா அணைஞ்சு போகும். அணைஞ்சு போனாத்தான் காலுக்குப் புரியும்.” நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அதை எப்ப மிதிக்காம இருக்கணுங்கறதுதான் என் வேலையே. இன்னைக்கு ஒரு அம்மா, தபால் பெட்டிய நோக்கி நேராப் போறாங்க...”

தபால் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. தன்னிடம் பிரேக் எங்கே இருக்கிறது, தான் எதை மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஐம்பத்தெட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். மின்விசிறி சத்தம் கேட்டது. யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். பத்து நொடிதான் ஆகியிருக்கும். அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. முன்வரிசைப் பையன் ஒருவன் பரிதாபப்பட்டு, “சார், தண்ணி வேணுமா?” என்றான். பதிலை அவரே சொல்லிவிட்டு மிச்ச நேரத்தை ஓட்டினார்.

ஆனாலும் விடவில்லை. வேறு கல்லூரிகளில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தார். கடையில் வண்ண அட்டை வாங்கி, உட்கார்ந்து வெட்டி, ஆளுக்கு மூன்று கொடுத்தார்: சிவப்பு, நீலம், மஞ்சள். கேள்விக்கு மூன்று விடை, விடைக்கு ஒரு நிறம். எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் வகுப்பின் முதல் மாணவி என்ன நிறம் தூக்குகிறாள் என்று பார்த்து அதையே தூக்கினார்கள். அவள் வேண்டுமென்றே தப்பாகத் தூக்கிவிட்டுக் கடைசியில் மாற்றிக்கொண்டாள். சரியான வாலு. அதன் பிறகு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்.

துறைத்தலைவி வகுப்பைப் பார்க்க வந்த நாளில்தான் மானம் போயிற்று. அவர் கேட்டது எளிய கேள்வி. நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் கணத்தில் பந்தின் மேல் விசை எந்தப் பக்கம்? மேலே என்றால் சிவப்பு, கீழே என்றால் நீலம், விசையே இல்லை என்றால் மஞ்சள். போன வாரம்தான் இதை நாற்பது நிமிஷம் நடத்தியிருந்தார். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, எல்லோரும் தலையாட்டியதையும் பார்த்திருந்தார்.

அட்டைகள் எழுந்தன. நீலம் இருபத்திரண்டு. சரியான விடை அதுதான். மஞ்சள் இருபத்தைந்து. மிச்சம் சிவப்பு. சரி, பேசட்டும், பேசினால் தெளிந்துவிடும் என்று, “பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க” என்றார்.

வகுப்பில் ஒருவனுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். வாய் சும்மா இருக்காது. அவன் எழுந்து நின்றே பேசினான். “நிக்குதா இல்லையா? நிக்குது. விசை இருந்தா நிக்குமா? நிக்காது. அப்ப விசை இல்ல! இதுல என்ன குழப்பம்?” மூன்று வரிசை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பி அவனைக் கேட்டார்கள். மறுபடி அட்டை தூக்கச் சொன்னார். வகுப்பு முழுக்க மஞ்சள். எண்ணிப் பார்த்தார்: நாற்பத்தேழு. பேசப் பேசத் தெளியும் என்று படித்திருந்தார். இங்கே சரியாகச் சொன்னவர்கள்கூடத் தப்புக்கு மாறி நிற்கிறார்கள்! அவர் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்கள்.

பின்வரிசையில் துறைத்தலைவி எழுந்தாள். “சார், படம் பாக்கற பிள்ளைங்களுக்கு இந்நேரம் தப்பான விடையாவது தெரியாம இருக்கும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகும்போது மாடிப்படியில் ஒரே கூச்சல். வக்கீல் அழிரப்பரை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறான். சுற்றி ஏழெட்டுப் பேர். அவனுக்கு எதிரே ஒரு பெண். அதுவரை வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. சன்னல் ஓரம், கடைசிக்கு முந்தின வரிசை.

“விசை இல்லேன்னா அது அங்கயே நிக்கணும்ல? அப்ப ஏன் கீழ வருது?” என்றாள் அவள்.

வக்கீல் ரப்பரை எறிந்தான், பிடித்தான், மறுபடி எறிந்தான். “அது... அப்புறமா விசை வருது.”

“எங்கேர்ந்து வருது? எங்கயாவது போய்ட்டு வருதா?”

எல்லோரும் ‘ஓ’ என்று சிரித்தார்கள். வக்கீல் ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். படிக்குக் கீழே நின்றிருந்த டேப் சார், இரவு உட்கார்ந்து எழுதிவைத்த விளக்கத்தைப் பைக்குள்ளேயே திணித்து வைத்துக்கொண்டார். வகுப்பில் போய் மறுபடி அட்டை தூக்கச் சொன்னார். ஐம்பத்தொரு நீலம். அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இதில் தான் செய்தது என்ன என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. மணி முந்திக்கொண்டதுதான் காரணமோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

சந்தோஷம் ஒரு வாரம்தான். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று துறைத்தலைவியின் மேஜைக்கு வந்தது. ‘சார் பாடம் நடத்துவதில்லை. எங்களையே பேசச் சொல்கிறார். பல நேரம் விடையும் சொல்வதில்லை. எங்களையும் படம் பார்க்க அனுப்பவும்.’ யாருக்காக அட்டை வெட்டினாரோ அவர்கள் எழுதியது! படித்துவிட்டு, “நன்றி கெட்ட ஜென்மங்க!” என்று கத்தியே விட்டார். கையெழுத்துகளில் சன்னல் ஓரத்துப் பெண்ணுடையதும் இருந்ததைப் பார்த்தபோதுதான் கோபம் போய் வலித்தது.

அவளை நடைபாதையில் நிறுத்திக் கேட்டார். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார், வந்தது கேள்வி. “ஏம்மா?”

அவள் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் காத்திருந்தார். இந்தப் பருவத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான்.

“படத்துல பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு சார். இங்க வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு தெரியுது. தினமும். வீட்டுக்குப் போறப்ப மக்கு மாதிரி இருக்கு.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பயமா இருக்கு சார்.”

“எனக்கும்தாம்மா” என்றார். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் எல்லாம் தெரிந்த மனுஷனாக இருந்துவிட்டு, இந்த நாலு மாதமாகத்தான் அவருக்கும் எதுவும் பிடிபடாமல் இருந்தது.

பருவ முடிவுத் தேர்வு வந்தது. படம் பார்த்தவர்கள் நாற்பத்துமூன்று. இவருடைய பிள்ளைகள் ஐம்பத்தெட்டு. அந்தப் பெண் மட்டும் எழுபத்தொன்று. துறைத்தலைவி ஒரு கையில் மதிப்பெண் தாளையும் மறு கையில் மனுவையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், மார்க் ஒண்ணு சொல்லுது, பிள்ளைங்க ஒண்ணு சொல்றாங்க. எதை நம்பறதுன்னு எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியலம்மா. ஆனா எனக்கு அந்த வகுப்பு வேணும்.” சொன்ன பிறகுதான், இதுவரை அதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை என்று அவருக்கு உறைத்தது. “தேர்வுப் பிரிவுக்கு நான் போகல.”

அவள் யோசித்து ஒரு வழி சொன்னாள். அடுத்த பருவம் மின்னியல். படமா, சார் வகுப்பா என்று பிள்ளைகளே எழுதிக் கொடுக்கட்டும். இரண்டில் ஒன்றுதான்; படத்துக்கு எழுதியவர்களுக்கு மட்டும் வீட்டிலும் பார்க்க இணையத்தில் படம் கிடைக்கும். சார் பக்கம் இருபது பேராவது வந்தால் வகுப்பு ஓடும். முதல் வார முடிவில் அவளே வந்து பார்ப்பாள். இருபதுக்குக் குறைந்தால் திங்கள்கிழமை தேர்வுப் பிரிவு. மின்னியல் பாடத்துக்கும் படம் பிடிக்க வேண்டியிருந்தது. விடுமுறையில் அவரே போய் நின்று அதையும் பிடித்துக் கொடுத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பார்த்தார். படம்: நூற்றைந்து. சார்: பதினொன்று. அந்தப் பெண்ணின் பெயர் படத்தின் கீழே இருந்தது. வக்கீலின் பெயரும் அங்கேதான். மதிப்பெண் கூடியதே, அது யாருக்குமே ஒரு பொருட்டில்லையா? வீட்டுக்கு வந்து, “முடிஞ்சுது” என்று மட்டும் சொன்னார். மனைவி வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அவர் தட்டை அவளே கழுவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவி பட்டியலோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஏதோ சந்தைக்குள் வந்துவிட்டது போன்ற இரைச்சல். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு நாலு நாலு பேராக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டேப் சார் நடுவில் எங்கேயோ குனிந்து நின்றிருந்தார். அவள் ஆள்காட்டி விரலை நீட்டி எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

“சார், பட்டியல்ல பதினொண்ணு. இங்க முப்பத்தாறு தலை இருக்கு. இவங்கெல்லாம் எப்படி இங்க?”

“எனக்கும் தெரியலம்மா” என்று சொல்லி, பிள்ளைகள் முன்னால் ‘அம்மா’ போட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “திங்கட்கிழமைலேர்ந்து வந்துக்கிட்டே இருக்காங்க. இன்னைக்கு உங்க முன்னாடியே கேக்கலாம்னுதான் இருந்தேன்.” உண்மை அது இல்லை. கேட்டால் போய்விடுவார்களோ என்ற பயம்.

வக்கீல் எழுந்தான். “மேடம், படத்தை வீட்லயே பாத்துட்டோம். ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டா அரை மணியில முடிஞ்சிருது. சார் குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும், அவ்வளவுதான். பாத்துட்டு இங்க வந்து அடிச்சுக்கறோம்.”

“அப்ப ஏன் படத்துக்கு எழுதிக் குடுத்தீங்க?”

“ரெண்டுல ஒண்ணுதான்னு சொன்னீங்க மேடம். சார் வகுப்புன்னு எழுதிட்டா படம் தர மாட்டீங்களே!”

துறைத்தலைவி பட்டியலை மடித்தாள். தவறு தான் போட்ட ‘இரண்டில் ஒன்று’ நிபந்தனையில் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? “வருகைப்பதிவு அங்க இருக்கு. இங்க உக்காந்திருந்தா, அங்க நீங்க வரலைன்னுல்ல ஆகும்?” என்று விடாமல் கேட்டாள்.

சன்னல் ஓரத்துப் பெண் இப்போது நடு பெஞ்சில் இருந்தாள். எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

“அங்க நாங்க வரலைன்னா யாருக்கும் தெரியாது மேடம். நேத்து எனக்குக் காய்ச்சல், இங்க வரல. இன்னைக்கு உள்ள நுழைஞ்சதும் சார், ‘நேத்து உன் கேள்வி இல்லாம வகுப்பு பாதியில நின்னு போச்சு’ன்னாரு.”

 டேப் சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைத்தார். துறைத்தலைவி பட்டியலில் பதினொன்று என்பதை அடித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினாள். பிறகு காலியாக இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, “எந்தக் கேள்வில இருக்கீங்க?” என்று பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டாள்.